பெரிய மாமாவின் மீசை

உறவுக்காரர்கள் கண்ணில் படாமல் ஒளிந்து வாழ்வதற்கு என் நைனா தேர்ந்தெடுத்த ஊர் திருப்பதி. வேறு எந்த ஊரில் போய் ஒளிந்தாலும் உறவுக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தால்தான் உண்டு. திருப்பதிக்கு அவர்கள் தேடாமலே வருவார்கள். வருஷா வருஷம், குடும்பத்தோடு, மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, மொட்டை போட்டுக்கொள்ள. இதை அன்றைக்கே யாராவது நைனாவிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாங்கள் கிளம்பிய அவசரத்தில் யோசிக்க யாருக்கும் நேரமில்லை. நகரி பஸ் ஸ்டாண்டில் முதலில் வந்து நின்றது திருப்பதி பஸ். ஏறி உட்கார்ந்த பிறகுதான் நைனா அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார். “ஜனத்தோட ஜனமா பூந்துக்கினா யாருக்கு இன்னா தெரியப் போவுது” என்றார்.

வடமாலபேட்டை தாண்டும்போது செல்போனிலிருந்து சிம் கார்டைக் கழற்றி ஜன்னல் வழியாக வெளியே வீசினார். பஸ்ஸில் போகிறவர்கள் அந்த இடத்தில் எதையாவது வீசவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் கையிலிருந்த பாதிக் கொய்யாப்பழத்தை வீசினேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்கு அப்போது ஆறு வயது.

எல்லாம் சித்தியால் வந்தது. சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எங்களுடையது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிற ஒரு ஊர். பெயரைச் சொல்ல இப்போதும் எனக்கு வாய் வருவதில்லை, பழகிவிட்டது. அம்மா பிறந்த ஊர் அதற்குப் பக்கத்து ஊர். அங்கே ஜனங்கள் இரண்டு பிரிவாக இருந்தார்கள்; நடுவில் ஒரு வாய்க்கால், தாண்டினால் கால்கூட நனையாது. சித்தி வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஒரு விடியற்காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நைனா கதவைத் திறந்து இரண்டு பேரையும் உள்ளே விட்டார். அவர் செய்தது அவ்வளவுதான்.

அன்று மதியமே பெரிய மாமா ஆட்களோடு வந்துவிட்டார். அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்த அண்ணன் அவர். உள்ளே வரவில்லை. தெருவில் நின்று, ஊரே கேட்கும்படி, “அவளக் கண்டந்துண்டமா வெட்டலன்னா இந்த மீசைய எடுத்துடறேன். தொணை போன நீங்களும் தப்ப மாட்டீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தியும் சித்தப்பாவும் அப்போது மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் இருந்தார்கள். மறுநாள் நாங்கள் ஐந்து பேரும் பஸ்ஸில் இருந்தோம்.

அந்த மீசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மாமாவின் மூக்குக்குக் கீழே இரண்டு அணில்கள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு வாலை மட்டும் தூக்கியிருக்கிற மாதிரி இருக்கும். குடும்பத்தோடு திருமலைக்குப் போய் மொட்டை போடும்போதும், தலைமுடியைக் கொடுத்துவிட்டு மீசையில் கத்தி படக்கூடாது என்று நாவிதரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவாராம். பெருமாளுக்கே கொடுக்காத மீசை என்று அம்மாவின் வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மீசையை வைத்து ஒருவர் சபதம் செய்தால் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு மாமாவின் முகம் சீக்கிரமே மறந்துவிட்டது. மீசை மட்டும் மறக்கவில்லை.

திருப்பதியில் ஊருக்கு வெளியே, அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை ரூம்களில் இரண்டை எடுத்துக்கொண்டோம். நைனாவும் சித்தப்பாவும் சென்ட்ரிங் வேலைக்குப் போனார்கள். அம்மா ஒரு ஹாஸ்டலில் சப்பாத்தி தேய்க்கப் போனாள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் எங்களுக்கு உறவென்று யாருமே இல்லை, எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்தோம். இதில் உயிரோடிருந்த என் தாத்தாவும், அம்மாவைப் பெற்றவர், அடக்கம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

வருஷத்தில் மற்ற மாதங்களை எப்படியோ ஓட்டிவிடுவோம். புரட்டாசி வந்தால்தான் பயம். எங்கள் பக்கத்து ஊர்களெல்லாம் வேன் பிடித்துக்கொண்டு திருப்பதிக்குத்தான் வரும். அந்த மாதம் முழுக்கச் சித்தி வாசற்படி தாண்டமாட்டாள். கதவு எப்போதும் தாழ்ப்பாள் போட்டிருக்கும். நைனா வேலையிலிருந்து வரும்போது முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு வருவார். சிமென்ட் தூசுக்கு என்பார். பள்ளிக்கூடத்தில் என்னை எந்த ஊர் என்று தெலுங்கில் கேட்டால் நகரி என்று சொல்லவேண்டும் என்பது உத்தரவு. நான் நகரி என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் தண்ணீர் குடிக்க ஓடிவிடுவேன். பிசாசு, பாம்பு, கணக்கு வாத்தியார் என்று மற்றப் பிள்ளைகள் பயந்தார்கள். நான் மீசைக்குப் பயந்தேன்.

எனக்குப் பத்து வயதானபோது ரங்குலக்கா வந்தாள். திருப்பதிக்குப் பக்கத்தில் வெதுருகுப்பத்துப் பெண், ஓவியம் படித்தவள். தெலுங்கில் ரங்கு என்றால் நிறம். பை நிறைய நிறங்களோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வந்து இறங்கியதால் நாங்கள் அவளுக்கு அப்படிப் பெயர் வைத்தோம். எங்கள் வரிசையில் ஒடிசாப் பிள்ளைகள் இருந்தார்கள், பீகார்ப் பிள்ளைகள் இருந்தார்கள், கர்நூல் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள், நாங்கள் இருந்தோம். பிழைக்க வந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும், கேட்க ஆளில்லை என்பது அவள் கட்சி. சிமென்ட் மூட்டை அடுக்குகிற ஷெட்டில் எங்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு பெரிய சார்ட் பேப்பர் கொடுத்து, “நீங்க வந்த தாரியப் போடுங்க” என்றாள். வந்த வழியை வரையவேண்டும். கீழே விட்டு வந்த வீடு, மேலே இப்போது இருக்கிற வீடு, நடுவில் வழியில் கண்டதெல்லாம். பிறகு அதைக் காட்டி அவரவர் பாஷையில் கதை சொல்லவேண்டும். எதையாவது சொல்லப் பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு பாறையை வரைந்துவிடலாம். பாறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கக்கூடாது. அதுதான் அவள் போட்ட ஒரே சட்டம்.

ஒடிசாப் பையன் ஒருவன் ரயிலை வரைந்து, கக்கூஸ் பக்கத்தில் கை கழுவுகிற தொட்டியின் மேல் தான் உட்கார்ந்து வந்ததைப் போட்டான். பீகார்ப் பெண் ஒருத்தி விட்டுவிட்டு வந்த ஆட்டை வரைந்தாள். அவள்மேல் கோபமாக இருக்கிறதாம், அதனால் ஆடு திரும்பி நின்றது. நான் ஒரு பாறை வரைந்தேன். அதன் மேல் இன்னொரு பாறை. பேப்பர் முழுக்கப் பாறை. ரங்குலக்கா குனிந்து பார்த்துவிட்டு, “இது தாரியா, குவாரியா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. “பரவாலேது” என்று தலையைத் தடவிவிட்டு, அடுத்த வாரத்துக்கு வேறு பேப்பர் வைத்தாள். இப்போது நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படிச் சில பிள்ளைகளோடு போய் உட்காருகிறேன். முதல் நாள் பாறையாக வரைகிற பிள்ளையைக் கண்டால் நான் கேலி செய்வதில்லை. ஆனால் ரங்குலக்கா செய்தது தப்பென்றும் சொல்லமாட்டேன், ஏனென்றால் அடுத்த வாரம் நான் ஒரு பாறையை எடுத்துவிட்டேன்.

அந்தப் பாறை இருந்த இடத்தில் தாத்தாவின் நாற்காலியைப் போட்டேன். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, உடைந்த காலில் கட்டுக்கம்பி சுற்றியது. அதற்கடுத்த வாரம் நாற்காலியில் தாத்தா உட்கார்ந்தார். பிறகு மாட்டுக் கொட்டகை வந்தது, பஸ் வந்தது, கொய்யாப்பழம் வந்தது. ரங்குலக்கா கொடுத்த கரித்துண்டால் மாமாவைப் போட்டேன். முதலில் மீசை, மிச்ச இடத்தில் மாமா. மேலே ஏழுமலையும் அதன் அடியில் எங்கள் ரூம் வரிசையும், வரிசையில் எங்கள் வீட்டுப் பச்சைக் கதவும். கடைசியில் ஒரே ஒரு பாறைதான் பாக்கி நின்றது. ஊர்ப்பெயர்ப் பலகையை மறைத்துக்கொண்டு.

படம் முடிந்ததும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “இத யாரு பாத்தாலும் தெரிஞ்சிக்குவாங்களேடி” என்றாள். சித்தி பேப்பரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஆறோ ஏழோ மாசம், மடி என்று கொஞ்சம் இடம்தான் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “கம்பி கட்னது இந்தக் கால் இல்ல, அந்தக் கால்” என்றாள். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் விரலை வைத்து, “இங்க ஒரு சொம்பு போடு” என்றாள். சாயங்காலம் தாத்தா கழனியிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சித்திதான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைக்கவேண்டுமாம். வேறு யார் வைத்தாலும் தொடாமல், அவள் எங்கே என்பாராம். நான் சொம்பு போட்டேன். சித்தி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தப் புரட்டாசியிலேயே ரங்குலக்கா எங்கள் படங்களை ஊருக்குள் ஒரு சின்ன கல்யாண மண்டபத்தில் மாட்டிக் காட்டப்போவதாகச் சொன்னாள். படத்துக்குப் பக்கத்தில் நாங்களே நின்று, வருகிறவர்களுக்குக் கதை சொல்லவேண்டும். அந்த மாதத்தில்தான் ஜனம் அதிகம் வரும், அதனால் அப்போதே வைக்கலாம் என்று அவள் நினைத்தாள். எங்கள் வீட்டில் அது சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அம்மா என்னை அனுப்பவே மாட்டேன் என்றாள். சித்திதான், “போவட்டும்க்கா. அதுவாவது வாயத் தொறந்து பேசட்டும்” என்றாள். நைனா யோசித்தார். மாமா படம் பார்க்கிற ஆளில்லை, வந்தால் நேராக மலைக்குப் போவார், நேராக வேனுக்குத் திரும்புவார் என்று கணக்குப் போட்டார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, “பாப்பா, நீ மீசைய மட்டும் பாத்துக்கினு இரு. அந்த மாதிரி மீச ஒண்ணு உள்ள வந்துச்சின்னா பின்பக்கமா வெளிய வந்துடு. மீச இல்லாதவங்ககிட்ட தாராளமா பேசு” என்றார். எனக்கு அது சுலபமான வேலையாகத்தான் தெரிந்தது.

மண்டபத்துக்குப் போய் இறங்கினேன். வாசலில் கட்டியிருந்த பேனரில் என் படம் இருந்தது. இருப்பதிலேயே நன்றாக வந்த படம் என்று ரங்குலக்கா அதைப் பெரிதாக்கி அச்சடித்திருந்தாள். சிவப்பு நாற்காலி, கம்பி கட்டிய கால், பக்கத்தில் சொம்பு. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து வருகிற ரோடு முழுக்கத் தெரிகிற உயரத்தில் என் தாத்தா உட்கார்ந்திருந்தார். ரங்குலக்காவுக்கு ஒன்றும் தெரியாது, அவள்தான் பாறைக்குப் பின்னால் கேட்காதவள் ஆயிற்றே. “எப்டிடி கீது?” என்று சிரித்தாள். நான் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, பின்பக்கக் கதவு திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

காலையிலிருந்து மீசை பார்த்தேன். அதற்கு முன்பு உலகத்தில் இத்தனை மீசைகள் உண்டென்று எனக்குத் தெரியாது. மெல்லிய மீசை, நரைத்த மீசை, மை பூசிய மீசை. ஒவ்வொன்று வாசலில் தெரியும்போதும் வாயிலிருக்கிற கதை நின்றுவிடும், அது சின்ன மீசை என்று தெரிந்ததும் மறுபடி தொடங்கும். மதியத்துக்கு முன் நிஜமாகவே ஒரு பெரிய மீசை உள்ளே வந்தது. நான் கதையை விட்டுவிட்டு மேஜைத் துணிக்குள் புகுந்துவிட்டேன். அது மண்டபத்துச் சமையல்காரர் என்றும், எங்களுக்குப் புளிசாதம் கொண்டுவந்திருக்கிறார் என்றும் ஒடிசாப் பையன் குனிந்து சொன்னான். அதன் பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

மொட்டைத் தலைகள் வந்தால் எனக்கு உயிர் திரும்பும். மலையிலிருந்து இறங்கி, தலையில் சந்தனம் பூசி, கையில் லட்டுப் பையோடு, ரயிலுக்கு நேரமிருக்கிறதே என்று உள்ளே வருகிறவர்கள். பலருக்கு மீசையும் சேர்ந்து போயிருக்கும். அவர்களிடம் நான் பயமில்லாமல் முழுக்கதையும் சொன்னேன். பெரியவர்களுக்குப் படத்தைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாது என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். ஒருவர் மாட்டுக்கு வால் குட்டை என்றார். ஒரு அம்மா ஏழு மலையில் ஒன்று குறைகிறது என்று எண்ணிக் காட்டினாள். நான் எல்லாருக்கும் சரி என்றேன்.

மதியம் தாண்டி, கூட்டம் குறைந்த நேரத்தில், இன்னொரு மொட்டைத் தலை வந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை. மீசை சுத்தமாக இல்லை. மற்றவர்கள் போல ஒவ்வொரு படமாகப் பார்க்காமல் வாசலிலிருந்து நேராக என் படத்துக்கு வந்தார். வந்து நின்றவர் நின்றுகொண்டே இருந்தார். தலையில் சந்தனம் இல்லை. கையில் லட்டு இல்லை. இடது காது மடலில் உலர்ந்த திராட்சை மாதிரி ஒரு மச்சம் இருந்தது. “இது யாரு போட்டது?” என்றார். நான்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெரியவர்கள் யாரும் அதுவரை உட்காரவில்லை. “சொல்லு கண்ணு” என்றார்.

எங்கள் ஊர்ப் பேச்சு. கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மற்றவர்களுக்குப் பாதி தெலுங்கில் சொன்ன கதையை அவருக்குத் தமிழிலேயே சொன்னேன். சித்தி வந்தது, மாமா தெருவில் நின்றது, கொட்டகை, பஸ், எல்லாம். மாமாவைக் காட்டி, “இவருதான் சித்திய வெட்டப் போறவரு. இவரு வர்றாரான்னுதான் நான் பாத்துக்கினே கீறேன்” என்றேன். அவர் மாமாவைப் பார்த்தார்.

“வந்தா இன்னா பண்ணுவ?”

“பின்பக்கமா ஓடிடுவேன்.”

அவர் அந்தக் கதவையும் திரும்பிப் பார்த்தார். பிறகு சொம்பைக் காட்டி அது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். “இப்ப யாரு வெக்கிறாங்களோன்னு சித்தி டெய்லி கேக்கும்” என்றும் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மண்டபத்தில் காற்றாடி சரியாகச் சுற்றவில்லை. “யாரு வெப்பாங்க. அவரே எழுந்து போய் மொண்டு குடிச்சிருப்பாரு” என்றார். சித்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பாப்பா பிறக்கப்போகிறது என்றேன். வீடு எது என்று கேட்டார். மீசை இல்லாதவர்களிடம் தாராளமாகப் பேசலாம் என்று உத்தரவு இருந்ததால், படத்தில் பச்சைக் கதவைக் காட்டி, எந்த ரோடு, எந்தத் திருப்பம் என்பதையும் விளக்கமாகச் சொன்னேன். மலைக்குப் போய்விட்டு வருகிறீர்களா என்று மரியாதைக்கு நானும் ஒன்று கேட்டேன். “இல்ல கண்ணு. வேன்ல வந்தவங்களுக்குத் தொணையா வந்தேன். இந்த வருசம் நான் மலை ஏறக்கூடாது” என்றார். முழங்கால் வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்து நின்றவர், “இந்தப் படத்த வூட்டுக்கு எத்துக்கினு போவியா?” என்றார்.

“சாயங்காலம் எல்லாரும் எத்துக்கினு போலாம்னு அக்கா சொல்லிச்சி.”

“அப்ப இந்த மீசைய அழிச்சிடு.”

எனக்கு எரிச்சலாக வந்தது. மாட்டு வால், மலை, இப்போது மீசை. அதுதான் படத்திலேயே நன்றாக வந்திருந்தது. “மீச இல்லன்னா மாமான்னு யாருக்கும் தெரியாதே” என்றேன். “தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும்” என்றார். அவரே கையை நீட்டவில்லை. நான் அழிக்கவேண்டும் என்று காத்து நின்றார். போனால் போகிறதென்று விரலை எச்சில் தொட்டு அழித்தேன். கரி இழுபட்டு, மாமாவுக்கு மூக்குக்குக் கீழே ஒரு சாம்பல் மேகம் மட்டும் மிஞ்சியது. அவர் என் தலையில் கை வைத்தார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு வந்த மாதிரியே வேறு எந்தப் படத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

சாயங்காலம் ரங்குலக்கா என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். சித்தி தாழ்ப்பாளைத் திறந்து, நான் நுழைந்ததும் மறுபடி போட்டாள். அம்மா வேலையிலிருந்து வந்து சப்பாத்தி மாவு காய்ந்த கையோடு காத்திருந்தாள். மீசை யாராவது வந்ததா என்று கேட்டாள். சமையல்காரர் மட்டும்தான் என்றேன். அப்புறம் மீசையில்லாத ஒருத்தர் வந்து மாமாவின் மீசையை அழிக்கச் சொன்னார், நம் ஊர் மாதிரியே பேசினார், காதில் மச்சம் இருந்தது என்றேன்.

அம்மா அப்படியே நின்றாள். “எந்தக் காதுல?”

“இதுல.”

“வூடு எதுன்னு கேட்டாரா? சொன்னியா?”

சொன்னேன் என்றேன். அம்மா ஜன்னலைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டிருந்த கதவுக்குத் தண்ணீர்க் குடத்தையும் நகர்த்தி முட்டுக்கொடுத்தாள். நான் செய்தது என்ன என்று தெரியாமலே நானும் போய்க் குடத்தைப் பிடித்துக்கொண்டேன். சித்தி மட்டும் நகரவில்லை. படத்தை விரித்து, அழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இரு, அக்கா” என்றாள். “அண்ணன் மீசைய எடுத்துடுச்சி. வெட்டலன்னா எடுத்துடறேன்னு சொல்லிச்சில்ல, எடுத்துடுச்சி. தோத்துட்டேன்னு சொல்றதுக்குத்தான் அழிக்கச் சொல்லிக்கீது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். திருப்பதிக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குடத்தை நகர்த்தி, தாழ்ப்பாளை எடுத்துக் கதவை அகலமாகத் திறந்துவிட்டாள். புரட்டாசி மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது. அம்மாவுக்கும் உதடு சிரிப்புக்குப் போய்விட்டது. போன இடத்தில் நின்றது.

“தலையும் மொட்டையா?” என்று என்னைக் கேட்டாள்.

“ஆமா.”

“சந்தனம் பூசியிருந்துச்சா?”

“இல்ல.”

“லட்டு எதுனா குடுத்தாரா?”

“அவரு மலைக்கே போவல. இந்த வருசம் ஏறக்கூடாதாம்” என்றேன்.

அம்மா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். சித்தி வாசலில் நின்றபடியே திரும்பினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு படத்தில் தாத்தாவின் நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு சித்தி தான் திறந்த கதவைத் தானே சாத்தினாள். அம்மா எட்டி டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். எங்களுக்கு யாருமே இல்லை என்று வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருந்தோம். யாருமில்லாதவர்கள் வாய்விட்டு அழ முடியாது. இரண்டு பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்து அழுதார்கள். டிவியில் யாரோ தெலுங்கில் சமையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் தரையில் என் படம் கிடந்தது. நாற்காலியில் தாத்தா உட்கார்ந்திருந்தார், சொம்பு இருந்தது, எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. மாறியிருந்தது ஒன்றுதான். அதை அழித்தது நான்தான். அவர்கள் அழுவது அதற்காகத்தான் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. பாவாடைப் பையில் ரங்குலக்கா கொடுத்த கரித்துண்டு இருந்தது. டிவி வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்து, மாமாவுக்கு மறுபடி மீசை வரைந்தேன். முன்னைவிடப் பெரிதாக, கன்னம் தாண்டி, காது வரைக்கும். வரைந்து முடித்து, சித்தியின் தோளைத் தட்டிக் காட்டினேன்.

“இப்ப சரியாப் போச்சி, பாரு” என்றேன்.